முதலில் தரைமட்டம், பிறகு கட்டடம்

விழுப்புரம், திண்டிவனம் நகரங்களுக்கு முப்பரிமாண மாதிரி செய்வது எப்படி

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை பதிவானது. டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் நொடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மூழ்கியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தை வெள்ளம் எட்டியதால் ரயில்கள் நின்றன. சென்னையையும் தென்மாவட்டங்களையும் இணைக்கும் பாதை, சாலையிலும் தண்டவாளத்திலும் ஒரே நேரத்தில் அறுந்தது.

51 சென்டிமீட்டர் என்பது எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர கிலோமீட்டரில் பெய்தால் 5,10,000 கன மீட்டர். நீர்வளத்துறைக் கணக்கில் 18 மில்லியன் கன அடி. பக்கத்திலுள்ள வீடூர் அணையின் மொத்தக் கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. பெய்த நீர் அத்தனையும் வழிந்தோடுவதாக வைத்துக்கொண்டால், 34 சதுர கிலோமீட்டரில் விழும் இந்த ஒரு நாள் மழை போதும், அந்த அணையை அடியிலிருந்து நுனிவரை நிரப்ப. இந்த மாவட்டத்தில் நகரத்தைத் திட்டமிடுவதென்றால், தண்ணீர் எந்தத் தெருவில் எந்த மட்டத்தில் நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்லத் தெரிவதுதான் முதல் வேலை. நகரின் முப்பரிமாண மாதிரி அதற்காகவே வேண்டும்.

கண்காட்சிகளில் காட்டப்படும் மாதிரிகள் வேறு மாதிரி இருக்கும். கண்ணாடிக் கட்டடங்கள் மின்னும், மரங்களுக்கு நிழல் விழும், பறவை போல மேலே பறந்து பார்க்கலாம். சிங்கப்பூர் 2014-இல் அறிவித்த ‘விர்ச்சுவல் சிங்கப்பூர்’ மாதிரிக்கு 7.3 கோடி சிங்கப்பூர் டாலர் ஒதுக்கியது. அந்த நாட்டுக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். 2011 கணக்கெடுப்பில் 96,253 பேர் வாழ்ந்த விழுப்புரத்துக்கும், 72,796 பேர் வாழ்ந்த திண்டிவனத்துக்கும் அந்தப் பாதை பொருந்தாது. நமக்கு அதைவிட நல்ல முன்னுதாரணம் ஜப்பான். அந்நாட்டு நிலம், உள்கட்டமைப்பு, போக்குவரத்து அமைச்சகம் 2020-இல் தொடங்கிய ‘பிளாட்டோ’ திட்டம் முதலாண்டில் 56 நகரங்களை எடுத்துக்கொண்டது. உள்ளாட்சிகளிடம் ஏற்கெனவே இருந்த வரைபடங்களையும் கட்டட விவரங்களையும் கொண்டு எளிய பெட்டி வடிவக் கட்டடங்களை எழுப்பி, அவற்றின்மேல் வெள்ள வரைபடத்தைப் போட்டு, எந்த வீட்டின் எத்தனையாவது தளம்வரை நீர் ஏறும் என்று காட்டியது. தரவை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டது. சிக்கனமான வழி, நமக்கு எட்டும் வழி.

கையில் இருக்கும் காகிதத்திலிருந்து தொடங்குங்கள்

ட்ரோனைப் பற்றி யோசிப்பதற்கு முன்பு நகராட்சியின் அலமாரிகளைத் திறக்க வேண்டும். டவுன் சர்வே வரைபடங்கள், வார்டு, பிளாக் எண்கள், சுற்றியுள்ள ஊராட்சிகளின் புலப்படங்கள், சொத்துவரிப் பதிவேடு, மழைநீர் வடிகால் ஒப்பந்தங்களின் வரைபடங்கள், பாதாளச் சாக்கடையின் மேன்ஹோல் மட்டங்கள் என்று பலவும் வெவ்வேறு மேசைகளில் கிடக்கின்றன. ஏரிகளின் வரைபடங்கள் நீர்வளத்துறையிடம் இருக்கும், சிறிய குளங்களுடையவை உள்ளாட்சியிடம். நெடுஞ்சாலையின் கல்வெர்ட் (சாலைக்கடியில் நீர் செல்லும் சிறுபாலம்) பட்டியல் நெடுஞ்சாலைத்துறையிடமும், ரயில் பாலங்களின் பட்டியல் தென்னக ரயில்வேயிடமும் இருக்கும். இவற்றைக் கேட்டு வாங்கும் கடிதங்களை ஆணையர் கையெழுத்தில் முதல் வாரமே அனுப்பிவிடுங்கள். ட்ரோன் பறந்து முடிக்கும் நாளைக்காட்டிலும் இந்தக் காகிதங்கள் வந்துசேரும் நாள் தாமதமாகும்.

2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தில், 50,000 முதல் 99,999 வரை மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்குப் புவியியல் தகவல் முறையில் முழுமைத் திட்டம் தயாரிக்க ஓர் உட்பிரிவு வகுக்கப்பட்டது. 2011 எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் நம் இரண்டு ஊர்களும் அந்த வரம்புக்குள் இருக்கின்றன. 2025 பிப்ரவரி 18-இல் மத்திய அரசு தொடங்கிய ‘நக்ஷா’ நகர நில அளவைத் திட்டமும் கவனிக்கத்தக்கது. முதல் கட்டமாக 152 உள்ளாட்சிகளில் தொடங்கிய அத்திட்டம், நேர்கீழாகப் படமெடுப்பது, சாய்கோணத்தில் படமெடுப்பது, சாய்கோணப் படத்தோடு லைடார் லேசர் அளவையும் சேர்ப்பது என்று மூன்று வகைப் பறப்புகளை வகுத்திருக்கிறது. அதன் விவரக்குறிப்புகளை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டால், பிற்காலத்தில் உங்கள் தரவு அதனோடு இணையும்போது வடிவம் மாற்றி அல்லாட வேண்டியிருக்காது.

உயரம் என்ற எண்

இந்த அத்தியாயத்தில் மிகப் பொறுமையாகப் படிக்க வேண்டிய பகுதி இது. முப்பரிமாண மாதிரிகள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவுகள் 30 மீட்டர் கட்டங்களாக வருகின்றன. ஒரு கட்டம் 900 சதுர மீட்டர், அதாவது 22 சென்ட் நிலத்துக்கு ஒரே ஓர் உயரம். அந்த எண்ணிலும் சில மீட்டர் பிழை இருக்கும். கல்வராயன் மலைச்சரிவில் இது பெரிதாக உறுத்தாது. கடலை நோக்கி மெல்லச் சரியும் விழுப்புரம் சமவெளியில் ஒரு தெருவின் நீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதை 15 சென்டிமீட்டர் வித்தியாசம் தீர்மானிக்கிறது. ஆகவே செயற்கைக்கோள் உயரத்தை வைத்து வடிகால் வடிவமைக்கக் கூடாது. ஏரிகளின் நீர்ப்பிடிப்புப் பகுதியைத் தோராயமாக வரைய மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஜிபிஎஸ் கருவி தரும் உயரம் கடல்மட்டத்திலிருந்து அளந்தது அல்ல. பூமியைத் துருவங்களில் சற்றே தட்டையான சீரான கோளமாகக் கொண்டு கணக்கிட்ட ஒரு கற்பனைப் பரப்பிலிருந்து அளந்தது. உண்மையான கடல்மட்டம் அந்தப் பரப்போடு ஒத்துப்போவதில்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் கடல்மட்டம் அந்தப் பரப்புக்கு 106 மீட்டர் கீழே கிடக்கிறது. உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் அது. அதன் விளிம்பு நம் பக்கமும் நீள்கிறது. நம் வட்டாரத்தில் வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். கடல்மட்டத்துக்கு மேல் 45 மீட்டரில் இருக்கும் ஒரு தெருமுனையைத் திருத்தப்படாத ஜிபிஎஸ் கழித்தல் 45 என்று காட்டும். பார்த்தவுடன் தெரிகிற தவறு என்பதால் இதைப் பலரும் பிடித்துவிடுவார்கள். பிடிபடாத தவறு வேறு. ஒரு குழு ஒரு திருத்தப் பட்டியலையும், மற்றொரு குழு வேறொரு பட்டியலையும் பயன்படுத்தியிருக்கும். இரண்டுக்கும் நடுவே சில பத்து சென்டிமீட்டர் விலகல் ஒளிந்துகொள்ளும். வடிகாலின் இரண்டு ஒப்பந்தப் பகுதிகள் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் மேட்டை நோக்கி ஓட வேண்டிய நிலை அப்படித்தான் வருகிறது.

இதைத் தவிர்க்க எளிய ஒழுங்கு ஒன்று உண்டு. இந்திய சர்வே துறையின் உயரக் குறிக்கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்து நகரெங்கும் நகராட்சியின் சொந்தக் குறிக்கற்களுக்கு மட்டத்தை ஆட்டோ லெவல் கருவியால் கொண்டுவாருங்கள். பள்ளிச் சுவர், மேல்நிலைத் தொட்டியின் தூண், நகராட்சி அலுவலகப் படி போன்ற, பெயர்த்தெடுக்க முடியாத இடங்களில் பித்தளைக் குமிழ் பதியுங்கள். எல்லா ஒப்பந்தங்களிலும் ‘இந்தக் குறிக்கற்களின் மட்டத்துக்கே கட்டுப்பட்டது’ என்று ஒரு வரி சேருங்கள். கிடைமட்ட ஆயத்தொலைவுக்கு யு.டி.எம். 44 வடக்கு மண்டலம். நம் இரண்டு ஊர்களும் அதற்குள் அடங்கும். முதல் நாள் சரிபார்ப்புக்கு ரயில் நிலையத்துக்குப் போங்கள். நடைமேடையின் முனையில் நிற்கும் மஞ்சள் பெயர்ப்பலகையில் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருக்கும். துல்லிய அளவைக்கு அது போதாது. உங்கள் கருவி 90 மீட்டர் வழிதவறியிருக்கிறதா என்று அறிய அது போதும்.

பறக்கும் நாள்

ட்ரோன் பறப்புக்கு ஏற்ற காலம் மே, ஜூன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னே ஏரிகள் வற்றிக் கிடக்கும் நேரத்தில் படுகையே தெரியும். நீர்ப்பரப்பைப் படமெடுத்தால் மென்பொருளால் ஒரு படத்தோடு மற்றொன்றைப் பொருத்த முடியாது. ஏரியின் இடத்தில் சுருக்கம் விழுந்த துணி போல ஏதோ வரும். வேலிக்காத்தான் அடர்ந்த வரத்து வாய்க்கால்களில் சாதாரணக் கேமரா இலைகளின் உச்சியை மட்டுமே அளக்கும். அங்கே லைடார் வேண்டும், அல்லது ஆள் இறங்கி நடந்து அளக்க வேண்டும். நகரம் முழுவதற்கும் லைடாருக்குப் பணம் இல்லையென்றால் வாய்க்கால் கரைகளுக்கும் ஏரி ஓரங்களுக்கும் மட்டுமாவது வாங்குங்கள்.

2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம்வரை பறக்கலாம். அன்றைய மண்டல நிலவரத்தை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரோனுக்குப் பதிவு எண்ணும், ஓட்டுநருக்கு உரிய சான்றிதழும் இருக்கின்றனவா என்பதை வேலை கொடுக்கும் முன்பே கேட்டுப் பாருங்கள். விழுப்புரம் சந்திப்பு போன்ற ரயில்வே நிலத்தின்மேல் பறக்க ரயில்வேயிடம் முன்கூட்டி எழுதிக் கேளுங்கள். 100 மீட்டர் உயரத்தில் நல்ல கேமரா, ஒரு புள்ளிக்கு 3 சென்டிமீட்டர் அளவில் படம் தரும். முன்பின் படங்கள் 80 விழுக்காடும், பக்கவாட்டில் 70 விழுக்காடும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பறக்கச் சொல்லுங்கள். தரையில் சுண்ணாம்பால் குறியிட்டு, கருவியால் அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் ஒரு பகுதியை ஒப்பந்ததாரரிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் தரும் மாதிரியை அந்த மறைபுள்ளிகளில் சோதித்துப் பார்த்து, பிழை ஒப்புக்கொண்ட அளவுக்குள் இருந்தால் மட்டும் பணம் கொடுங்கள்.

மென்பொருளுக்காகத் தயங்க வேண்டாம். படங்களைத் தரையமைப்பாக மாற்ற வெப்ஓடிஎம், வரைபடங்களைக் கையாள கியூஜிஐஎஸ், இரண்டும் இலவசம். ஆற்றுவெள்ளத்துக்கு அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கிய ஹெக்-ராஸ் மென்பொருளும், நகர வடிகாலுக்கு அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஸ்வம் மென்பொருளும் காசின்றிக் கிடைக்கின்றன. ஊரிலுள்ள பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்கள் சில மாதப் பயிற்சியில் இவற்றைக் கற்றுக்கொள்வார்கள்.

கல்வெர்ட்டுகள்

மாவட்டத்தின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சங்கராபரணி, தென்பெண்ணை, மலட்டாறு எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே கடலுக்குப் போகின்றன. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, ஆறுகளைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. மேட்டின்மேல் போடப்பட்ட இந்த இரண்டு பாதைகளும் மழைநீருக்கு நீண்ட கரைகள். அவற்றிலுள்ள ஒவ்வொரு பாலமும் ஒவ்வொரு கல்வெர்ட்டும் அக்கரையில் வைத்த மதகு. எந்த மதகு எத்தனை அகலம், எந்த மட்டத்தில் அதன் அடித்தளம், எவ்வளவு மண் அடைத்திருக்கிறது என்பவைதான் மேற்கே இருக்கும் குடியிருப்புகளின் கதியைத் தீர்மானிக்கின்றன.

ட்ரோன் இவற்றில் ஒன்றையும் பார்க்காது. மேலிருந்து பார்த்தால் சாலை மட்டும்தான் தெரியும். அந்தத் தரையமைப்பை அப்படியே கணினியில் போட்டு மழை பெய்ய விட்டால், நெடுஞ்சாலைக்கு மேற்கே இல்லாத கடல் ஒன்று தோன்றும். ஆகவே ஒவ்வொரு கல்வெர்ட்டுக்கும் ஆள் போய், இருபுறமும் அடிமட்டம் எடுத்து, திறப்பின் அகல உயரத்தை அளந்து, அடைப்பின் அளவைப் படத்தோடு பதிய வேண்டும். மாதிரியில் அந்த இடங்களில் கையால் திறப்பு வைக்க வேண்டும். இது அலுப்பூட்டும் வேலை. விளக்கப்படங்களில் வராத வேலை. ஒட்டுமொத்த முயற்சியில் இதற்குத்தான் என் மதிப்பெண் அதிகம். கல்வெர்ட் பட்டியலைச் சரியாகச் செய்த நகராட்சி, வேறெதையும் செய்யாமல் நிறுத்திவிட்டாலும் செலவழித்த பணம் வீணாகவில்லை.

ஏரிகளுக்கும் இதே கவனம் தேவை. திண்டிவனத்தின் கிடங்கல் சங்ககாலத்திலேயே ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் ஊராக அறியப்பட்ட இடம். அங்குள்ள ஏரிக்குக் கரைமட்டம், கலங்கல் மட்டம், மதகுகளின் அடிமட்டம், கலங்கலிலிருந்து நீர் போகும் போக்கு வாய்க்காலின் முழு நீளம் ஆகிய நான்கையும் மாதிரியில் ஏற்றுங்கள். கலங்கல் மட்டமும் கரையோரத்து வீடுகளின் வாசற்படி மட்டமும் பக்கத்தில் பக்கத்தில் எழுதப்பட்டாலே பாதி விவாதம் தீர்ந்துவிடும். விழுப்புரத்தில் கோலியனூரான் வாய்க்கால் நகருக்குள் ஓடும் நீளத்திலும் குறுக்குவெட்டு அளவுகள் எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் புதிய பேருந்து நிலையத்தில் தண்ணீர் தேங்குவதை ஊரே அறியும். மோட்டார் வைத்து இறைப்பது நிரந்தர வழியா, வடிகால் மட்டத்தை மாற்ற முடியுமா என்பதற்கு விடை, அந்த வளாகத்தின் தரைக்கும் நீர் போய்ச் சேரும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தில் இருக்கிறது.

மாதிரி உண்மை சொல்கிறதா

கணினியில் 2024 மழையைப் பெய்ய விட்டு, நீர் நின்ற மட்டத்தைத் தெருவோடு ஒப்பிடுங்கள். இதற்கு வீடு வீடாகப் போக வேண்டும். வயதானவர்களிடம், “ஐயா, ஃபெஞ்சல் புயலப்போ தண்ணி எதுமட்டும் வந்துச்சு, சுவத்துல காட்டுங்க” என்று கேட்டால் கையை வைத்துக் காட்டுவார்கள். அந்த இடத்தை லெவல் கருவியால் எடுத்துப் பதியுங்கள். அத்தோடு, “முழங்காலளவு வந்தது எத்தனை மணிக்கு, வடிஞ்சது எப்போ” என்றும் கேளுங்கள். நேரம் தெரிந்தால்தான் வெள்ளம் மழையால் வந்ததா, ஆறு திரும்பியதாலா, ஏரி உடைந்ததாலா என்று பிரித்தறியலாம். மதகு திறந்து மூடிப் பழகிய நீர்க்கட்டி யாராவது ஊரில் இருந்தால் அவரை வாய்க்கால் நெடுக உடன் அழைத்துச் செல்லுங்கள். தூர்ந்துபோன கிளை வாய்க்கால்களைப் புலப்படத்துக்கு அடுத்தபடியாக அறிந்தவர் அவர்தான்.

சென்னைக்கு 2019-இல் உருவான சி-ஃபுளோஸ் வெள்ள எச்சரிக்கை முறையில் மழை, ஆறு, கடல்மட்டம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். நம் ஊர்களில் கடலுக்குப் பதில் அணைத் திறப்பைச் சேர்க்க வேண்டும். சாத்தனூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தால் எத்தனை மணி நேரத்தில் எந்தக் கிராமம், எந்தச் சாலை என்று முன்பே ஓட்டிப் பார்த்து, அச்சிட்ட தாள்களாக ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையில் வைத்திருக்க வேண்டும். வெள்ள இரவில் மின்சாரமும் இணையமும் இருக்காது. சுவரில் ஒட்டிய தாள் இருக்கும்.

கட்டடங்கள்

இனிமேல்தான் கட்டடம். ஓரிரு தளங்களே மிகுந்த நம் ஊர்களுக்குப் பெட்டி வடிவம் போதும். கட்டடத்தின் தரைக்கோட்டைப் படத்திலிருந்து வரைந்து, மேற்பரப்பு உயரத்திலிருந்து தரை உயரத்தைக் கழித்தால் கட்டட உயரம் வந்துவிடும். சொத்துவரிப் பதிவேட்டின் தள எண்ணிக்கையோடு ஒப்பிட்டுத் திருத்தலாம். சிட்டிஜிஎம்எல் அல்லது அதன் எளிய வடிவமான சிட்டிஜேசன் அமைப்பில் சேமித்தால் பின்னால் எந்த மென்பொருளும் படிக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் டவுன் சர்வே எண்ணை இணைத்துவிட்டால், 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளோடு பொருத்திப் பார்க்கலாம்: உயர்மாடி அல்லாத கட்டடங்களுக்கு 18.30 மீட்டர் உயர வரம்பு, தளப்பரப்புக் குறியீடு 2, பக்கவாட்டு இடைவெளிகள் என்று.

பெட்டியின் உயரத்தைவிட வீட்டின் வாசற்படி மட்டம் நமக்கு அவசியமான எண். மறுபடி மறுபடி சாலை போட்டு உயர்த்தி, தெருவைவிட வீடுகள் தாழ்ந்துபோன கதை தமிழ்நாட்டின் எல்லா ஊர்களிலும் உண்டு. பழைய தார் அடுக்கைச் சுரண்டிவிட்டே புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் சுற்றறிக்கை அனுப்பினார். அது நடக்கிறதா என்று அறிய வழி, சாலை போடும் முன்பும் பின்பும் மட்டத்தை மாதிரியில் பதிவதுதான். வாசற்படி மட்டமும் அதில் இருந்தால், தன் வீட்டுக்குள் மழைநீர் வருகிறது என்று வந்து நிற்கும் ஒரு பெண்மணியிடம், எந்த ஆண்டின் எந்த வேலைக்குப் பிறகு அது தொடங்கியது என்பதையே எடுத்துக் காட்டலாம்.

யாருக்கு எதிராக

மாதிரியைத் திறந்தவுடன் ஏரிப் புறம்போக்கிலும் வாய்க்கால் கரையிலும் இருக்கும் குடிசைகள் கண்ணில் படும். சட்டென்று ஓர் அகற்றல் பட்டியல் தயாராகிவிடும். இதில் அவசரம் கூடாது என்று வலியுறுத்திச் சொல்கிறேன். சென்னையில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது நுங்கம்பாக்கத்து ஏரி நிலத்தில், மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை எழுந்தது உலகநேரிக் கண்மாயில். நீர்நிலையைப் பயன்படுத்திக்கொண்டதில் அரசுக்கு முன்பங்கு உண்டு. ஆகவே அரசுக் கட்டடங்கள், மனைப்பிரிவுகள், குடிசைகள் மூன்றையும் ஒரே வண்ணத்தில் ஒரே வரைபடத்தில் காட்டுங்கள். எந்த அடைப்பை நீக்கினால் எத்தனை சென்டிமீட்டர் நீர்மட்டம் குறையும் என்று ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். பல இடங்களில், பெரும் அடைப்பு ஏழையின் கூரையாக இருக்காது. தூர்ந்துபோன ஒரு கல்வெர்ட்டாகவோ குறுகலாகக் கட்டிய பாலமாகவோ இருக்கும். மாற்று இடம் தர வேண்டியவர்களுக்கு அந்த மாற்று இடத்தின் தரைமட்டத்தையும் இதே மாதிரியில் பார்த்த பிறகே பட்டா கொடுங்கள். ஒரு பள்ளத்திலிருந்து எடுத்து இன்னொரு பள்ளத்தில் வைத்த குடியிருப்புகள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன.

மொட்டைமாடிகளும் கொல்லைப்புறங்களும் தெளிவாகத் தெரியும் மூலப்படங்களைப் பொதுவெளியில் விடாதீர்கள். தரைமட்டம், வடிகால், கல்வெர்ட், வெள்ள மட்டம் ஆகியவற்றை மறைக்காதீர்கள். வார்டு சபையில் திரையிட்டுக் காட்டுங்கள். தன் தெரு தவறாக வந்திருக்கிறது என்று யாராவது எழுந்து சொன்னால் அதுவே இலவசமான சரிபார்ப்பு.

ஒப்படைப்பு

ஒப்பந்தம் முடியும் நாளில் அழகான காணொளியை வாங்கிக்கொண்டு கையெழுத்திடாதீர்கள். மூலப்படங்கள், கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் களக்குறிப்பு, புள்ளித் தொகுப்பு, தாவரமும் கட்டடமும் நீக்கிய தரையமைப்பு, கல்வெர்ட் பட்டியல், கட்டடக் கோப்புகள், எந்த உயரத் திருத்தப் பட்டியல் பயன்பட்டது என்ற குறிப்பு ஆகியவை இரண்டு வன்தட்டுகளில் வர வேண்டும்; ஒன்று நகராட்சியில், மற்றொன்று ஆட்சியர் அலுவலகத்தில். ஒப்பந்ததாரரின் சர்வரில் மட்டும் திறக்கிற மாதிரி, சந்தா நின்ற மாதத்தில் காணாமல் போய்விடும்.

நகரமைப்பு ஆய்வாளர் ஒருவரும் பொறியியல் பிரிவிலிருந்து ஒருவரும் பெயர் குறித்துப் பொறுப்பேற்கட்டும். புதிய வடிகால், புதிய சாலை அடுக்கு, புதிய மனைப்பிரிவு எதுவானாலும் இறுதிப் பட்டியலுக்குப் பணம் போகும் முன்பு அதன் மட்டங்கள் மாதிரியில் ஏறியிருக்க வேண்டும் என்று மன்றத் தீர்மானம் போடுங்கள். செப்டம்பரில், பருவமழைக்கு முன்னர், கல்வெர்ட்டுகளை மறுபடி ஒரு முறை நடந்து பார்த்து அடைப்பின் அளவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு ட்ரோன் தேவையில்லை. இரண்டு ஆட்கள், ஒரு லெவல் ஸ்டாஃப், கேமரா உள்ள ஒரு கைபேசி போதும்.